சந்தேஷ் ஜிங்கன்

சந்தேஷ் ஜிங்கன் (பிறப்பு: சூலை 21, 1993) இந்தியாவின் சண்டிகர் நகரைச் சேர்ந்த காற்பந்தாட்ட வீரர் ஆவார். பின்கள வீரரான இவர் பெரும்பாலும் நடுப் பின்களத்திலும், சில பருவங்களில் வலப் பின்களத்திலும் விளையாடியுள்ளார். 2014 ஆம் ஆண்டு நடைபெற்ற முதலாவது இந்தியன் சூப்பர் லீக் தொடரில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்காக ஆடி, அத்தொடரின் வளர்ந்துவரும் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2015 மார்ச்சு மாதத்தில் இந்தியத் தேசிய அணியில் அறிமுகமானார். 2020 ஆம் ஆண்டில் இந்திய அரசின் அருச்சுனா விருது இவருக்கு வழங்கப்பட்டது.

இக்கட்டுரை பெரும்பாலும் 2011 முதல் 2017 வரையிலான இவரது தொடக்க கால ஆட்ட வாழ்வைப் பற்றியது. அந்த ஆறு ஆண்டுகளில் இவர் ஏழு கழகங்களின் சீருடையை அணிந்தார். அவற்றுள் ஐந்து கழகங்கள் 2017 ஆம் ஆண்டு முடிவதற்குள் நாட்டின் முதல்நிலைத் தொடர்களிலிருந்து விலகின அல்லது நீக்கப்பட்டன. அக்காலத்து இந்தியக் காற்பந்தாட்டத்தில் இளம் வீரர் ஒருவர் நிலையான இடத்தைப் பெறுவது எத்துணை அரிதாக இருந்தது என்பதற்கு இவரது தொடக்க காலம் ஓர் எடுத்துக்காட்டாகும்.

இளமையும் பயிற்சியும்

சண்டிகர், பஞ்சாப் மற்றும் அரியானா ஆகிய இரு மாநிலங்களுக்கும் தலைநகராக விளங்கும் ஒன்றியப் பகுதியாகும். வளைதடிப் பந்தாட்டத்துக்கும் துடுப்பாட்டத்துக்கும் பெயர்பெற்ற இந்நகரில் காற்பந்தாட்டப் பயிற்சிக்கான வாய்ப்புகளும் இருந்தன. ஜிங்கன் இங்குள்ள செயின்ட் ஸ்டீபன்ஸ் பயிலகத்தில் காற்பந்தாட்டம் பயின்றார். சிறுவர்களுக்கான பன்னாட்டுப் போட்டிகளில் ஒன்றான மான்செஸ்டர் யுனைடெட் பிரீமியர் கோப்பைப் போட்டியில் இப்பயிலகத்தின் அணியில் இவர் இடம்பெற்றார். பின்னர் சண்டிகரின் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தலைமை ஏற்றார்.

மாநில அளவில் இளையோர் அணித்தலைவராக இருந்த போதிலும் தொழில்முறைக் கழகங்களில் இவருக்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை. அக்காலத்தில் இந்தியக் காற்பந்தாட்டத்தின் மையங்களாகக் கொல்கத்தாவும் கோவாவும் விளங்கின. வட இந்தியாவிலிருந்து வரும் இளைஞர் ஒருவர் அங்குள்ள கழகங்களின் தேர்வு முகாம்களில் கலந்துகொண்டு தம் திறமையைக் காட்ட வேண்டியிருந்தது. கொல்கத்தாவில் கீழ்ப்பிரிவுகளில் ஆடிவந்த கழகங்களும் தம்மை ஏற்க மறுத்ததாக ஜிங்கன் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

பின்கள வீரரின் பணி

காற்பந்தாட்டத்தில் எதிரணியினர் கோல் அடிப்பதைத் தடுப்பதே பின்கள வீரரின் முதன்மைப் பணியாகும். இவர்களுள் கோல் காப்பாளருக்கு நேர் முன்பாக நிற்பவர் நடுப் பின்கள வீரர் ஆவார். உயரமாக வரும் பந்துகளைத் தலையால் முட்டி அகற்றுதல், எதிரணி முன்கள வீரரைப் பின்தொடர்தல், பந்தைக் கால்களுக்கிடையிலிருந்து பறித்தல், கோலை நோக்கி வரும் பந்துகளை உடலால் தடுத்தல் ஆகியன இவரது வேலைகள். பக்கவாட்டுப் பின்கள வீரர் இவற்றோடு எல்லைக் கோட்டை ஒட்டி முன்னேறிச் சென்று தாக்குதலுக்கும் துணைபுரிய வேண்டும்.

முன்கள வீரர் பத்து வாய்ப்புகளைத் தவறவிட்டு ஒன்றைக் கோலாக்கினால் பாராட்டப்படுவார். பின்கள வீரரோ எண்பத்தொன்பது நிமிடங்கள் பிழையின்றி ஆடி ஒரு நொடி தவறினாலும் தோல்விக்குக் காரணமாகி விடுவார். இதனால் பயிற்சியாளர்கள் பலர் இந்நிலைக்கு அனுபவம் மிக்க வீரர்களையே தேர்ந்தெடுப்பர். இந்தியன் சூப்பர் லீக்கின் தொடக்க ஆண்டுகளில் நடுப் பின்களத்துக்கு வெளிநாட்டு வீரர்களைக் கொண்டுவருவது அணிகளின் வழக்கமாக இருந்தது. எனவே இருபது வயதைத் தாண்டிய இந்திய இளைஞர் ஒருவர் அவ்விடத்தில் தொடர்ந்து ஆடுவது பெரிதும் கவனிக்கப்பட்டது. ஏறத்தாழ 1.88 மீட்டர் உயரம் கொண்ட ஜிங்கனுக்குத் தலையால் முட்டும் ஆட்டம் இயல்பாகவே கைவந்தது. தயக்கமின்றி உடலை முன்வைத்துப் பந்தைத் தடுப்பதும் இவரது ஆட்டத்தின் அடையாளமாயிற்று.

யுனைடெட் சிக்கிம்

2011 ஆம் ஆண்டில் ஜிங்கன் யுனைடெட் சிக்கிம் கழகத்தில் சேர்ந்தார். இந்தியாவின் புகழ்பெற்ற முன்கள வீரரான பாய்ச்சுங் பூட்டியா தம் சொந்த மாநிலத்தில் காற்பந்தாட்டத்தை வளர்க்கும் நோக்குடன் பங்கேற்று நடத்திய கழகம் இது. காங்டாக் நகரின் பால்ஜோர் விளையாட்டரங்கம் இதன் தாயகமாக இருந்தது. சமவெளி நகரமான சண்டிகரிலிருந்து சென்ற ஜிங்கனின் தொழில்முறை வாழ்வு இவ்வாறு இமயமலை நகரொன்றில் தொடங்கியது.

அப்போது நாட்டின் முதல்நிலைத் தொடராக ஐ-லீக் இருந்தது. அதற்கு அடுத்த நிலையில் ஐ-லீக் இரண்டாம் பிரிவு நடத்தப்பட்டது. யுனைடெட் சிக்கிம் 2012 இல் இரண்டாம் பிரிவிலிருந்து ஓஎன்ஜிசி அணியுடன் சேர்ந்து ஐ-லீக்குக்கு உயர்த்தப்பட்டது. இதன்மூலம் 2012-13 பருவத்தில் ஜிங்கனுக்கு நாட்டின் முதல்நிலைத் தொடரில் ஆடும் வாய்ப்புக் கிட்டியது. எனினும் கழகம் விரைவிலேயே பணநெருக்கடிக்கு உள்ளானது. அப்பருவத்தின் முடிவில் அட்டவணையின் அடிப்பகுதியில் நின்று தரமிறக்கப்பட்டது. இருபது வயதை எட்டும் முன்பே ஒரு கழகத்தின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஜிங்கன் நேரில் கண்டார்.

மும்பையும் ஷில்லாங்கும்

சிக்கிம் கழகத்துக்குப் பின் 2013-14 காலப்பகுதியில் ஜிங்கன் மும்பை எஃப்சி, ஷில்லாங் நகரைச் சேர்ந்த ரங்தாஜித் யுனைடெட் ஆகிய கழகங்களுடன் இணைந்திருந்தார். மும்பை எஃப்சி 2007 இல் தொடங்கப்பட்ட கழகமாகும். ரங்தாஜித் யுனைடெட் 2013 இல் இரண்டாம் பிரிவை வென்று 2013-14 பருவத்தில் முதன்முறையாக ஐ-லீக்கில் ஆடியது.

ரங்தாஜித் யுனைடெட்டின் ஐ-லீக் வாழ்வு அந்த ஒரு பருவத்துடன் முடிவுற்றது. கழகங்களுக்கான உரிமத் தகுதிகளை நிறைவு செய்யவில்லை என்ற காரணத்தால் அக்கழகமும், சர்ச்சில் பிரதர்ஸ், யுனைடெட் எஸ்சி ஆகிய கழகங்களும் 2014-15 தொடரிலிருந்து விலக்கப்பட்டன. ஆட்டத்தில் தோற்றதால் மட்டுமன்றி, அலுவலக ஆவணங்களாலும் வரவு செலவுக் கணக்காலும் ஒரு கழகம் தொடரை இழக்கக்கூடும் என்பதை அவ்வாண்டு இந்திய வீரர்கள் பலர் அறிந்துகொண்டனர்.

இந்தியன் சூப்பர் லீக்கின் தொடக்கம்

2010 திசம்பரில் அனைத்திந்தியக் காற்பந்தாட்டக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்துக்கு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு வழங்கியது. அந்த ஒப்பந்தத்தின் பயனாக 2013 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்) அறிவிக்கப்பட்டது. எட்டு நகரங்களைச் சார்ந்த புதிய அணிகள் இதில் பங்கேற்றன. திரைப்பட நடிகர்களும் துடுப்பாட்ட வீரர்களும் இவ்வணிகளின் உரிமையாளர்களாயினர்.

தொடக்கத்தில் ஐ-லீக் கழகங்கள் பல தம் வீரர்களைப் புதிய தொடருக்கு விடுவிக்க மறுத்தன. எனவே ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனம் வீரர்களுடன் நேரடியாக ஒப்பந்தம் செய்து, புதிய தொடர் தொடங்கும் வரை அவர்களை ஐ-லீக் கழகங்களுக்குக் கடன் அடிப்படையில் வழங்கியது. இவ்வாறு ஒப்பந்தமானவர்கள் இரு தரப்புக்குமிடையே நிலவிய பூசலின் நடுவே நின்றனர். புதிய தொடர் வெற்றி பெறாவிடில் இவர்களின் எதிர்காலம் கேள்விக்குறியாகும் நிலை இருந்தது.

2014 சூலையில் மும்பையில் உள்நாட்டு வீரர்களுக்கான தேர்வு நடைபெற்றது. அதில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி ஜிங்கனைத் தேர்ந்தெடுத்தது. சச்சின் டெண்டுல்கர் இணை உரிமையாளராக இருந்த இவ்வணிக்கு இங்கிலாந்தின் முன்னாள் கோல் காப்பாளர் டேவிட் ஜேம்ஸ் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் பணியாற்றினார். மேத்தாப் உசைன், இஷ்பாக் அகமது, உதகமண்டலத்தில் பிறந்த முன்கள வீரர் சி. எஸ். சபீத் முதலானோரும் அணியில் இருந்தனர். கொச்சியின் சவகர்லால் நேரு விளையாட்டரங்கம் அணியின் தாயகமாகும்.

2014 தொடர்

தொடர் அக்டோபர் 12, 2014 அன்று கொல்கத்தாவில் தொடங்கியது. கேரளா பிளாஸ்டர்ஸ் தன் முதல் ஆட்டத்தில் அக்டோபர் 13 அன்று குவகாத்தியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியிடம் 0-1 என்ற கணக்கில் தோற்றது. முதற்சுற்றின் 14 ஆட்டங்களில் அவ்வணி அடித்த கோல்கள் 9 மட்டுமே. ஆயினும் 19 புள்ளிகளுடன் நான்காம் இடத்தைப் பிடித்து அரையிறுதிக்குத் தகுதி பெற்றது. இவ்வளவு குறைவாகக் கோல் அடித்த அணி முன்னேறியதற்கு அதன் பின்களமே காரணமாயிற்று. அப்பின்களத்தில் பிரான்சு நாட்டின் செட்ரிக் ஹெங்பார்ட், இசுக்காட்லாந்தின் ஜேமி மக்அலிஸ்டர் போன்ற மூத்தோருடன் 21 வயதான ஜிங்கன் இணைந்து ஆடினார்.

சென்னை அரையிறுதி

அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி, முதற்சுற்றில் முதலிடம் பெற்ற சென்னையின் எஃப்சி அணியைச் சந்தித்தது. இத்தாலியின் மார்க்கோ மட்டராசி சென்னை அணியின் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்தார். பிரேசிலின் எலானோ அத்தொடரில் அதிகக் கோல்கள் அடித்த வீரராவார். திசம்பர் 13 அன்று கொச்சியில் நடைபெற்ற முதல் ஆட்டத்தில் இஷ்பாக் அகமது, இயன் ஹியூம், சுசாந்த் மேத்யூ ஆகியோரின் கோல்களால் கேரளா 3-0 என வென்றது.

மறு ஆட்டம் திசம்பர் 16 அன்று சென்னை சவகர்லால் நேரு விளையாட்டரங்கில் நடைபெற்றது. மூன்று கோல் முன்னிலையுடன் வந்த கேரள அணிக்கு இறுதியாட்டம் உறுதி எனக் கருதப்பட்டது. ஆனால் மக்அலிஸ்டர் முதற்பாதியிலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறியதால் அவ்வணி பத்துப் பேருடன் ஆட நேர்ந்தது. இடைவேளைக்கு முன் மிக்கேல் சில்வெஸ்டர் சென்னையின் முதல் கோலை அடித்தார். இரண்டாம் பாதியில் ஜிங்கன் மீது பட்ட பந்து அவரது சொந்தக் கோலுக்குள் புகுந்தது. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் ஜெஜே லால்பெக்லுவா மூன்றாம் கோலை அடிக்க, இரு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கு 3-3 எனச் சமமாயிற்று.

முதல் ஆட்டத்தில் ஈட்டிய முன்னிலை முழுவதும் கரைந்த அந்நேரத்தில் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. பத்துப் பேருடன் ஆடிய கேரளாவின் பின்களம் அதன்பின் கோல் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. 117 ஆம் நிமிடத்தில் இசுக்காட்லாந்தின் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோலால் கேரளா கூட்டுக் கணக்கில் 4-3 என வென்று இறுதியாட்டத்தை அடைந்தது. சொந்த அணிக்கு எதிராகக் கோல் விழக் காரணமான இளம் பின்கள வீரருக்கு இது பெரும் மீட்சியாக அமைந்தது. தமிழ்நாட்டு இரசிகர்கள் நெடுநாள் நினைவிற்கொண்ட ஆட்டங்களுள் இதுவும் ஒன்றாகும். சென்னை, கேரள அணிகளுக்கிடையிலான போட்டியுணர்வும் இதிலிருந்தே வலுப்பெற்றது.

இறுதியாட்டமும் விருதும்

இறுதியாட்டம் திசம்பர் 20, 2014 அன்று நவி மும்பையின் டி. ஒய். பாட்டில் விளையாட்டரங்கில் கேரளா பிளாஸ்டர்ஸ், அத்லெட்டிகோ டி கொல்கத்தா அணிகளுக்கிடையே நடைபெற்றது. நாமக்கல்லைச் சேர்ந்த இடப் பின்கள வீரர் நல்லப்பன் மோகன்ராஜ் அத்தொடரில் கொல்கத்தாவின் வீரர் குழுவில் இடம்பெற்றிருந்தார். வழமையான நேரம் முடியும் வரை இரு அணிகளும் கோல் அடிக்கவில்லை. காயங்களுக்காகச் சேர்க்கப்பட்ட நேரத்தில் மூலையுதையாக வந்த பந்தை முகமது ரபீக் தலையால் முட்டிக் கோலாக்கினார். கொல்கத்தா 1-0 என வென்று முதல் வாகையர் பட்டத்தைப் பெற்றது.

கோப்பையை இழந்த போதிலும் தொடரின் வளர்ந்துவரும் சிறந்த வீரர் விருது ஜிங்கனுக்கு வழங்கப்பட்டது. கோல் அடிப்பவர்களே பெரிதும் கவனம் பெறும் ஆட்டத்தில், புதிய தொடரின் முதலாவது விருது பின்கள வீரர் ஒருவருக்குக் கிடைத்தமை சிறப்பிற்குரியது.

தேசிய அணியில்

2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் இரண்டாம் முறையாக இந்திய அணியின் பயிற்சியாளர் ஆனார். அவ்வாண்டு மார்ச்சில் பிஃபா தரவரிசையில் இந்தியா 173 ஆம் இடத்தில் இருந்தது. கான்ஸ்டன்டைன் இளம் வீரர்கள் பலரைத் தேசிய அணிக்குக் கொண்டுவந்தார். அவர்களுள் ஜிங்கனும் ஒருவர்.

2018 உலகக்கோப்பைக்கான தகுதிச் சுற்றில் நேபாளத்துக்கு எதிராக மார்ச்சு 12, 2015 அன்று குவகாத்தியில் நடைபெற்ற ஆட்டத்தில் ஜிங்கன் அறிமுகமானார். சுனில் சேத்ரியின் இரு கோல்களால் இந்தியா 2-0 என வென்றது. காத்மாண்டுவில் நடைபெற்ற மறு ஆட்டம் 0-0 எனச் சமனில் முடிந்தது. இரு ஆட்டங்களிலும் இந்தியா கோல் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த சுற்று கடினமாக இருந்தது. ஈரான், ஓமான், துருக்மெனிஸ்தான், குவாம் ஆகியவற்றுடன் ஒரே பிரிவில் இடம்பெற்ற இந்தியா எட்டு ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்று கடைசி இடத்தைப் பெற்றது. மக்கள்தொகையில் மிகச்சிறிய குவாம் தீவிடம் 1-2 எனத் தோற்றது கடும் விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. இத்தோல்விகளுக்குப் பின்னும் கான்ஸ்டன்டைன் இளம் வீரர்களைக் கைவிடவில்லை.

மார்ச்சு 22, 2017 அன்று கம்போடியாவின் புனோம் பென் நகரில் நடைபெற்ற நட்புமுறை ஆட்டத்தில் ஜிங்கன் இந்தியாவுக்காகத் தம் முதல் கோலை அடித்தார். இந்தியா 3-2 என வென்றது. ஆறு நாட்களுக்குப் பின் யாங்கோன் நகரில் மியன்மாரை 1-0 என வீழ்த்தியது. இக்காலத்தில் கேரளத்தின் மலப்புறத்தைச் சேர்ந்த அனஸ் எடத்தொடிகாவுடன் ஜிங்கன் நடுப் பின்களத்தில் இணைந்து ஆடத் தொடங்கினார். 2017 சூலையில் இந்தியா பிஃபா தரவரிசையில் 96 ஆம் இடத்தை எட்டியது. அவ்வாண்டு ஆகத்து மாதம் மும்பையில் நடைபெற்ற முத்தரப்புத் தொடரில் ஜிங்கன் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றார்.

இரு தொடர்கள், இரு கழகங்கள்

2014 முதல் 2017 வரை இந்தியாவில் ஐ.எஸ்.எல், ஐ-லீக் ஆகிய இரண்டும் ஆண்டின் வெவ்வேறு பகுதிகளில் நடத்தப்பட்டன. ஐ.எஸ்.எல் அக்டோபர் முதல் திசம்பர் வரை ஏறத்தாழ பத்து வாரங்களே நீடித்தது. அதன்பின் ஐ-லீக் நடைபெற்றது. இதனால் ஐ.எஸ்.எல் அணியுடன் ஒப்பந்தம் கொண்ட வீரர்கள் எஞ்சிய மாதங்களில் ஐ-லீக் கழகம் ஒன்றுக்குக் கடன் அடிப்படையில் சென்று ஆடுவது வழக்கமாயிற்று. ஓர் ஆண்டுக்குள் ஒரே வீரர் இரு நகரங்களில், இரு பயிற்சியாளர்களின் கீழ், இரு வேறு ஆட்டமுறைகளில் ஆட வேண்டியிருந்தது. பின்களத்தில் இது கூடுதல் சிரமத்தைத் தந்தது. பின்கள வீரர்கள் நால்வரும் ஒருவர் அசைவை மற்றவர் அறிந்து ஒரே கோட்டில் நகர வேண்டும். அந்தப் புரிதல் ஏற்படும் முன்பே பருவம் முடிந்துவிடும்.

ஜிங்கன் 2014-15 பருவத்தில் ஸ்போர்ட்டிங் கோவாவுக்கும், 2016 இல் புனேயின் டிஎஸ்கே சிவாஜியன்ஸ் கழகத்துக்கும், 2017 இல் பெங்களூரு எஃப்சி கழகத்துக்கும் இம்முறையில் அனுப்பப்பட்டார். இவற்றுக்கு இடையே ஒவ்வோர் ஆண்டும் கேரளாவுக்குத் திரும்பினார்.

2015 ஐ.எஸ்.எல் தொடர் கேரளாவுக்குத் தோல்வியாக அமைந்தது. பயிற்சியாளர் பீட்டர் டெய்லர் தொடரின் நடுவிலேயே விலக, டெர்ரி பெலன் பொறுப்பேற்றார். முந்தைய ஆண்டு இறுதியாட்டம் வரை சென்ற அணி எட்டு அணிகளுள் கடைசி இடத்தைப் பெற்றது.

2016 இல் ஸ்டீவ் கோப்பல் பயிற்சியாளரானார். வட அயர்லாந்தின் ஆரன் ஹியூஸ், ஹெங்பார்ட் ஆகியோர் நடுப் பின்களத்தில் நிற்க, ஜிங்கன் வலப் பின்களத்துக்கு மாற்றப்பட்டார். உயரமான நடுப் பின்கள வீரருக்குப் பக்கவாட்டில் ஓடி ஆடுவது இயல்பான பணியன்று. எனினும் அணியின் தேவைக்காக அவர் அதனை ஏற்றார். கேரளா மீண்டும் இறுதியாட்டத்தை அடைந்தது. திசம்பர் 18, 2016 அன்று கொச்சியில் சொந்த இரசிகர்கள் முன் நடைபெற்ற அவ்வாட்டம் 1-1 எனச் சமனில் முடிய, தண்ட உதைகளில் கொல்கத்தா 4-3 என வென்றது. மூன்று ஆண்டுகளில் இரண்டாம் முறையாக அதே அணியிடம் கேரளா கோப்பையை இழந்தது.

2017 இல் பெங்களூரு எஃப்சி கழகத்தில் இருந்தபோது கூட்டமைப்புக் கோப்பையை வென்ற அணியில் ஜிங்கன் இடம்பெற்றிருந்தார். மே 21, 2017 அன்று கட்டாக்கில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் பெங்களூரு, கூடுதல் நேரத்தில் சி. கே. வினீத் அடித்த இரு கோல்களால் மோகன் பகானை 2-0 என வீழ்த்தியது.

மறைந்த கழகங்கள்

ஜிங்கன் தம் தொடக்க காலத்தில் ஆடிய கழகங்களின் பிற்கால நிலை வருமாறு:

* யுனைடெட் சிக்கிம்: 2012-13 பருவத்தின் முடிவில் ஐ-லீக்கிலிருந்து தரமிறக்கப்பட்டது.
* ரங்தாஜித் யுனைடெட்: 2014 இல் உரிமத் தகுதி இன்மையால் ஐ-லீக்கிலிருந்து நீக்கப்பட்டது.
* ஸ்போர்ட்டிங் கோவா: 2016 இல் சல்கோகர் கழகத்துடன் சேர்ந்து ஐ-லீக்கிலிருந்து தானாகவே விலகியது. கூட்டமைப்பு முன்வைத்த புதிய தொடர் அமைப்பில் ஐ-லீக் கீழ்நிலைக்குத் தள்ளப்படுவதை எதிர்த்து இம்முடிவு எடுக்கப்பட்டது.
* மும்பை எஃப்சி: 2016-17 பருவத்தில் கடைசி இடம் பெற்றுத் தரமிறக்கப்பட்டது. அதன்பின் கழகம் செயற்படவில்லை.
* டிஎஸ்கே சிவாஜியன்ஸ்: 2015-16, 2016-17 ஆகிய இரு பருவங்கள் மட்டுமே ஐ-லீக்கில் ஆடியது.
* பெங்களூரு எஃப்சி: 2017 இல் ஐ-லீக்கிலிருந்து ஐ.எஸ்.எல் தொடருக்கு மாறியது.
* கேரளா பிளாஸ்டர்ஸ்: 2014 முதல் ஐ.எஸ்.எல் தொடரில் ஆடிவந்தது.

கழகம் ஒன்று மூடப்படும்போது முதல் அணி வீரர்களுள் புகழ்பெற்றோர் வேறிடம் தேடிக்கொள்வர். இளையோர் அணிகளில் பயிலும் சிறுவர்களுக்கும், பயிற்சியாளர்களுக்கும், களப் பணியாளர்களுக்கும் அவ்வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. 2014 இன் சில வாரங்களில் கிடைத்த புகழ் ஜிங்கனுக்கு நிலையான ஓர் இடத்தைப் பெற்றுத் தந்தது. அதே கழகங்களில் அவருடன் ஆடிய எல்லோருக்கும் அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை.

அணித்தலைவர்

2017-18 பருவத்தில் பெங்களூரு, ஜம்சேத்பூர் அணிகள் சேர்க்கப்பட்டு ஐ.எஸ்.எல் பத்து அணிகள் கொண்ட தொடராக விரிவுற்றது. அது ஐ-லீக் நடைபெறும் அதே மாதங்களில் நடத்தப்பட்டதால் ஆண்டுக்கு இரு கழகங்களில் ஆடும் வழக்கம் முடிவுக்கு வந்தது. அப்பருவத்துக்காகக் கேரளா பிளாஸ்டர்ஸ் தக்கவைத்துக்கொண்ட மூத்த இந்திய வீரர்கள் வினீத், ஜிங்கன் ஆகிய இருவரே ஆவர். 24 வயதான ஜிங்கன் அணித்தலைவராக நியமிக்கப்பட்டார். கொல்கத்தாவின் கீழ்ப்பிரிவுக் கழகங்களால் மறுக்கப்பட்டவர், ஆறு ஆண்டுகளில், நாட்டிலேயே மிகப் பெருந்திரளான பார்வையாளர்கள் கூடும் அணிகளுள் ஒன்றுக்குத் தலைவரானார்.

பிற்காலம்

2019 சனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடைபெற்ற ஆசியக் கோப்பைத் தொடரில் ஜிங்கன் ஆடினார். அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று தோகாவில் ஆசிய வாகையரான கத்தார் அணியை இந்தியா 0-0 எனச் சமன் செய்த ஆட்டத்தில் பின்களத்தை வழிநடத்தினார். அடுத்த மாதமே பயிற்சி ஆட்டம் ஒன்றில் முழங்கால் தசைநார் அறுந்து, 2019-20 பருவம் முழுவதையும் இழந்தார். 2020 மே மாதத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் கழகத்திலிருந்து விலகினார். அவர் அணிந்த 21 ஆம் எண் சீருடைக்கு அக்கழகம் ஓய்வு அளித்தது.

பின்னர் ஏடிகே மோகன் பகான் அணியில் சேர்ந்து 2020-21 ஐ.எஸ்.எல் இறுதியாட்டம் வரை சென்றார். அப்பருவத்துக்கான அனைத்திந்தியக் காற்பந்தாட்டக் கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த வீரர் விருதும் அவருக்குக் கிட்டியது. 2021 ஆகத்தில் குரோவாசியாவின் சிபெனிக் கழகத்தில் ஒப்பந்தமானார். காயத்தின் காரணமாக அங்கு லீக் ஆட்டம் எதிலும் களமிறங்காமல் 2022 சனவரியில் நாடு திரும்பினார். 2022 இல் பெங்களூரு எஃப்சி அணியுடன் டூரண்டு கோப்பையை வென்றார். 2023 இல் எஃப்சி கோவாவில் சேர்ந்தார்.

தொடக்க கால ஆட்ட வாழ்வு - சுருக்கம்

* 2011-2013: யுனைடெட் சிக்கிம்
* 2013-2014: மும்பை எஃப்சி, ரங்தாஜித் யுனைடெட்
* 2014-2020: கேரளா பிளாஸ்டர்ஸ்
* 2014-15: ஸ்போர்ட்டிங் கோவா (கடன் அடிப்படையில்)
* 2016: டிஎஸ்கே சிவாஜியன்ஸ் (கடன் அடிப்படையில்)
* 2017: பெங்களூரு எஃப்சி (கடன் அடிப்படையில்)

விருதுகளும் சிறப்புகளும்

* இந்தியன் சூப்பர் லீக் வளர்ந்துவரும் சிறந்த வீரர்: 2014
* இந்தியன் சூப்பர் லீக் இரண்டாமிடம் (கேரளா பிளாஸ்டர்ஸ்): 2014, 2016
* கூட்டமைப்புக் கோப்பை (பெங்களூரு எஃப்சி): 2017
* அருச்சுனா விருது: 2020
* அனைத்திந்தியக் காற்பந்தாட்டக் கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த வீரர்: 2020-21